தன் பக்கம் ஈர்க்கும் கப்பல்

வாஷிங் மெஷினுக்கு உத்தரவாத அட்டை, சர்க்கரை மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுச் சீட்டு, லிஃப்டில் ஒட்டும் எச்சரிக்கை. இவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. மந்தைவெளியில் இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்துகொண்டு இருபது வருடங்களாக இதைச் செய்கிறேன். என் தமிழ் எத்தனையோ பேர் கைக்குப் போகிறது, ஒருவரும் அதைப் படிப்பதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. படிக்காதவர்கள் தப்பு கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நிம்மதி இருந்தது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஆழ்வார்பேட்டையில் எனக்கு வேலை தரும் மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒரு போர்க்கப்பலை என் தலையில் கட்டியது. கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது, இரண்டு நாள் பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம், தளத்தில் வைக்கும் பலகைகளில் தமிழும் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு பலகைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. ரகசியம் எதுவும் கிடையாது, எல்லாம் ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். ஊருக்குத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த கப்பல் தூரத்தில் புள்ளியாக நிற்பது மட்டும்தான்.

அது ஒரு வான் பாதுகாப்பு நாசகாரி, ஆங்கிலத்தில் டெஸ்ட்ராயர். பெயரைக் கேட்டால் ஊரை அழிக்கக் கிளம்பியது போலிருக்கும். தாள்களைப் படிக்கப் படிக்க, அதற்கு முழுநேர வேலை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று தெரிந்தது. உச்சியில் நாலு பக்கமும் ராடார் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். அவை சுழல்வதில்லை. நாலு திசையையும் ஒரே நேரத்தில் பார்க்கின்றன. கண்ணுக்கெட்டாத தொலைவில் விமானமோ ஏவுகணையோ கிளம்பினால் தெரிந்துவிடும். பல இலக்குகள் சேர்ந்து வந்தால் எது முதலில் வந்து சேரும், எதை முதலில் அடிக்க வேண்டும் என்று கணினி வரிசை போட்டுக் கொடுக்கும். மேல்தளத்தில் சதுரம் சதுரமாக இரும்பு மூடிகள். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஓர் ஏவுகணை செங்குத்தாக நிற்கிறது. மூடி திறந்ததும் நேராக மேலே கிளம்பி, அதன் பிறகுதான் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பும். ஆகவே கப்பல் எந்தத் திசையைப் பார்த்து நின்றாலும் கவலையில்லை. அதையும் மீறி ஏதாவது நெருங்கிவிட்டால், கண்மூடித் திறப்பதற்குள் குண்டுகளை மழையாகப் பொழியும் துப்பாக்கிகள் இருக்கின்றன.

தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ள இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. கூட வரும் விமானந்தாங்கிக் கப்பலையும் எண்ணெய்க் கப்பலையும் காப்பதற்காகத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருமோ அந்தப் பக்கத்தில், மற்ற கப்பல்களுக்கு முன்னால் போய் இது நிற்கும். இந்த விஷயம் பலகைகளில் இல்லை. எனக்கு விளங்குவதற்காக அனுப்பிய குறிப்பில், ஒரு ஓரத்தில் இருந்தது.

நான் எழுதியதைச் சரிபார்த்தவர் மாடவீதிக்காரர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. தினமும் காலை பத்து மணிக்கு ஃபோன் செய்வார்.

"சார், நாசகாரிங்கற வார்த்தையை எங்காத்துல வாயாலகூட சொல்ல மாட்டோம். அழிப்பான்னு போட்டுண்டா என்ன?"

"அழிப்பான்னா ரப்பர் மேடம். பென்சில் டப்பாவுல இருக்குமே."

"சரி, நாசகாரியே இருந்துட்டுப் போகட்டும். ஆனா மென்கொலை, வன்கொலைன்னு போட்டிருக்கேளே, அது என்ன? குழந்தைகள்லாம் வந்து பாக்கப்போறா சார்."

வருகிற ஏவுகணையை ஏமாற்றித் திருப்புவது ஒன்று, அடித்து வீழ்த்துவது இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கொலை என்றுதான் பெயர். சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு நான்கூட ஒரு நாள் முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏமாற்றித் தடுத்தல், அடித்துத் தடுத்தல் என்று மாற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் கடலை வந்தது. 'கடலை ஒட்டிப் பறந்து வரும் ஏவுகணை' என்று எழுதியிருந்தேன். பலகையில் இடம் போதாமல் 'கடலை' மட்டும் மேல்வரியில் தனியாக நின்றுவிட்டது. "வேர்க்கடலைன்னு நெனச்சுப்பா" என்றார் அவர். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. கடல்பரப்பு என்று மாற்றினோம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை வந்தது. "பதினாலாம் பலகைல மூணு வார்த்தை கூடறது. டிசைன் பண்றவர் இடமில்லைங்கறார். நீங்களே குறைச்சுக் குடுத்துடுங்கோ."

பதினான்காம் பலகை, ஏமாற்றித் தடுத்தலைப் பற்றியது. வருகிற ஏவுகணைக்குள்ளும் ஒரு சின்ன ராடார் இருக்கும். அதைக் குழப்புவதற்காகக் கப்பல் சின்னச் சின்ன ராக்கெட்டுகளை வீசும். அவை வெடித்ததும் மெல்லிய உலோக இழைகள் காற்றில் மேகமாகப் பரவும். அந்த மேகத்தைக் கப்பல் என்று நம்பி ஏவுகணை அங்கே போய்விடும். அந்த இழைகளுக்கு ஆங்கிலத்தில் உமி, பதர் என்று பொருள்படும் பெயர். நானும் பதர் என்றே வைத்தேன். முதலில் எழுதியது இப்படி: 'இக்கப்பல் பதர் ராக்கெட்டுகளை வீசும். அவற்றின் உலோக மேகம், வரும் ஏவுகணையைத் தன் பக்கம் ஈர்த்துக்கொள்ளும்.' மூன்று வார்த்தையை வெட்டிய பிறகு: 'இக்கப்பல் பதர் ராக்கெட்டுகளை வீசி, வரும் ஏவுகணையைத் தன் பக்கம் ஈர்த்துக்கொள்ளும்.' வாக்கியம் சிக்கென்று இருந்தது. அனுப்பிவிட்டு மீன் வாங்கப் போனேன்.

கடற்கரைச் சாலை மீன் அங்காடியில் ஒரே பெண்ணிடம்தான் பல வருடமாக வாங்குகிறேன். நொச்சிக்குப்பத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். கணவன் படகில் போகிறவர். வீட்டில் முடிவெடுப்பதெல்லாம் இவள்தான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அவளுடைய ஒரே மகள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். கடற்படையில் மாலுமி வேலைக்கான தேர்வு எழுதி, ஓட்டம், உடல் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். பதினெட்டு நிறைய இன்னும் சில மாதம் இருந்ததால், தாயோ தகப்பனோ சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "நானே போட்டுர்றேன், அந்தாளு எப்போ கரைக்கி வருமோ" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. நான் சும்மா மீனை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

"துறைமுகத்துக்கு ஒரு போர்க்கப்பல் வருது. ரெண்டு நாள் ஃப்ரீயா பாக்கலாம். பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்க. அதுல இருக்கற தமிழ் எல்லாம் நான் எழுதினது" என்றேன்.

"மெய்யாலுமா சார்?" என்றாள். அந்த 'மெய்யாலுமா'வுக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது. இருபது வருடத்தில் என் எழுத்தைப் போய்ப் படி என்று ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் போகவில்லை. துறைமுகம் வடக்கே இருக்கிறது, வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். வேலைக்காக ஆழ்வார்பேட்டை வரை போவதே எனக்குப் பெரிய பயணம்.

நாலைந்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம் மகள் என் வீட்டுக்கு வந்தாள். அவளை அங்காடியில் அம்மாவுக்குப் பின்னால் பார்த்திருக்கிறேனே தவிர பேசியதில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அங்கிள், அம்மா சைன் போட மாட்டேங்குது. உங்க போர்டாலதான்."

"என் போர்டா?"

"கப்பல் ஃபுல்லா இங்கிலீஷும் இந்தியும். தமிழ் போர்டு ஒண்ணு வுடாம அதுவே நின்னு படிச்சிது. சிரிச்சிக்கினுதான் வந்துச்சு. ஒரு போர்டுல அப்டியே நின்னுடுச்சு. ஏவுகணைய தன் பக்கம் இழுத்துக்கும்னு போட்ருக்கீங்க. நானும் கூட நின்னு படிச்சேன். அப்டித்தான் போட்டிருக்கு."

கணினியைத் திறந்து பதினான்காம் பலகையைப் படித்தேன். மேகம் இல்லை. நான்தான் அதை வெட்டியிருந்தேன். யார் ஈர்க்கிறார்கள் என்று சொல்லாமலே தமிழில் வாக்கியம் ஓடிவிடும். முன்னால் யார் நிற்கிறாரோ அவர் தலையில் வினை விழும். முன்னால் நின்றது கப்பல். எதிரி விடுகிற ஏவுகணையைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காகவே ஒரு கப்பலைக் கட்டியிருப்பதாக நான் எழுதி, ஆசிரியை சரிபார்த்து, அச்சடித்து, மாட்டியிருந்தார்கள். இரண்டு நாளில் எத்தனையோ பேர் அதைக் கடந்து போயிருப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படித்த ஒருத்திதான் வாக்கியத்தின் பொருளைப் புரிந்துகொண்டாள். எனக்கு முகம் சுட்டது.

"தப்பு என்னோடதுதாம்மா. நாளைக்குக் காலையில வந்து நானே சொல்றேன். பாரம் எப்போ குடுக்கணும்?"

"திங்கக்கிழமை லாஸ்ட் டேட் அங்கிள்."

அன்று வெள்ளி. அவள் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "இத்தோட வுட்டா எனக்கு வேற சான்ஸ் கெடைக்காது" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அங்காடிக்குப் போனேன். ஆங்கில மூலத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அதை நீட்டிய பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் சேரவில்லை. வஞ்சிரமும் சங்கராவும் பலகையில் வரிசையாக இருந்தன. மகள் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் உறையில் பாரத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

உலோக மேகத்தைப் பற்றி விளக்கினேன். ஏவுகணை கப்பலை விட்டுவிட்டு மேகத்தின் மேல் போய் விழும், இடம் போதாமல் நான்தான் மேகத்தை எடுத்துவிட்டேன், பலகையில் இருந்தது என் தப்பு என்றேன். அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ கப்பலு மேல வுழாது."

"அந்த மேகம் சரியா வேலை செஞ்சா விழாது."

"சரி" என்றாள். மகள் உறையிலிருந்து பாரத்தை உருவினாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மற்ற கப்பல்களுக்கு முன்னால் போய் நிற்கும் என்ற அந்த ஓரக் குறிப்பு எனக்கு ஞாபகத்தில் இருந்தது. நான் சொல்ல வந்தது பலகையில் இருந்த தப்பை மட்டும்தானே, கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கூடவே ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. கெடுத்ததை நானே சரிசெய்துவிட்டேன் என்ற திருப்தி.

அவள் பாரத்தை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் வஞ்சிரத்தைப் பார்த்தேன்.

"சார், யாரும் கேக்காத வரிக்கும் நாங்க ஐஸுல வெச்ச பழைய மீனுன்னு சொல்ல மாட்டோம். கேட்டா பொய் சொல்ல மாட்டோம். வேற இன்னாவோ கீது, நீ முழுங்கற. நான் கேக்கறேன், சொல்லு."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. அவளும் காத்திருப்பதாகத்தான் தெரிந்தது.

"அது தனியா போகாதும்மா. பெரிய கப்பல் ஒண்ணு இருக்கும். விமானம் எல்லாம் ஏத்திக்கிட்டுப் போற கப்பல். அதுக்குக் காவலா இது போகும்."

அவள் ஒரு வஞ்சிரத்தை எடுத்துப் பலகை நடுவில் போட்டாள். "தோ, இது பெரிய கப்பலு. ஏவுகணை இந்த சைடுலேர்ந்து வருது." கடல் இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். ஒரு சங்கராவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "என் பொண்ணு கப்பலு எங்க நிக்கும்? வையி."

சங்கரா ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் வைக்கலாம், பின்னால் வைக்கலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை. மகளுக்கும் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன். வஞ்சிரத்துக்கு முன்னால், கடலைப் பார்த்த பக்கத்தில் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ வந்து நெத்திலி என்ன விலை என்று கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை.

"ஒனக்கு இது தெரியுமாடி?" மகளைப் பார்க்காமலே கேட்டாள்.

"தெரியும்."

"போர்டுல போடலியே."

"கப்பல்ல ஒரு அக்கா இருந்தாங்கள்ல, நம்மள கூட்டிக்கினு போய் காட்னாங்களே, அவங்கள கேட்டேன். நீ அந்த போர்டாண்ட நின்னுக்கினு இருந்தப்போ. கப்பலுக்கு உள்ள ஜன்னலே இல்லாத ரூம் ஒண்ணு கீதாம். அங்கதான் ஸ்கிரீன பாத்துக்கினு இருப்பாங்களாம். நாங்க பாக்கலன்னா பின்னால வர்ற யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்க."

"தெரிஞ்சிதான் போறேன்னியா?"

"ஆமா."

நான் செய்து வைத்த பிழைக்கும் இதற்கும் இனிமேல் சம்பந்தமில்லை என்று புரிந்தது. அங்கிருந்து நகர வேண்டும் என்று தோன்றியது, நகரவில்லை. அவள் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். புடவைத் தலைப்பில் இரண்டு தடவை துடைத்தாள். விரலை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். பாரத்தில் மீன் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருக்க வேண்டும். பேனா என்னுடையது. பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினாள். எழுதி முடித்ததும் மகள் கையில் கொடுக்காமல், காய்வதற்காகக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். பால்பாயின்ட் பேனா மை காய்வதற்கு ஒன்றுமில்லை. மகளும் அதைச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "எடுத்துக்கினு போ" என்றாள். பிறகு என்னிடம், "இன்னா சார் வேணும்?" என்றாள். நான் அன்றைக்கு மீன் வாங்க வரவில்லை. இருந்தாலும் அரைக் கிலோ நெத்திலி வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆசிரியையிடம் பிழையைச் சொன்னேன். "தப்பா? யாருமே ஒண்ணும் சொல்லலையே சார்" என்றார். ஒருத்தர் சொன்னார் என்றேன். அடுத்த தடவைக்காக மேகத்தைத் திரும்ப உள்ளே சேர்த்து, வேறு மூன்று வார்த்தையை வெட்டிக் கொடுத்தேன்.

மகள் பயிற்சிக்குப் போனாள். அது முடிந்ததும், அவள் விரும்பியபடியே ஒரு வான் பாதுகாப்பு நாசகாரியில் வேலை கிடைத்தது. அவள் அம்மா கப்பலின் பெயரைச் சொன்னாள், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. கரையில் இருக்கும்போது ஃபோன் வரும். கடலில் இருக்கும்போது வாரக்கணக்கில் ஒன்றும் வராது. அப்போது அவள் அம்மா என்னிடம் கப்பலைப் பற்றி ஏதாவது கேட்பாள். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். என்னிடம் மீன் கொடுக்கும்போதும், "இது ஐஸு சார், அத்த எடு" என்று கேட்காமலே சொல்லிவிடுகிறாள்.

சில வாரங்களுக்கு முன் டி.வி.யில் ஒரு செய்தி ஓடியது. எங்கோ தூரத்துக் கடலில் சரக்குக் கப்பல்களை டிரோன் விட்டு அடிக்கிறார்கள். அவற்றுக்குக் காவலாக நம் நாசகாரிகள் போயிருக்கின்றன. அங்காடியில் யாரோ அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஃபோன் வந்து இருபது நாளாகிறது என்றாள்.

"கப்பலு இப்போ எங்க கீது சார்?"

"தெரியலம்மா. அதையெல்லாம் வெளியில சொல்ல மாட்டாங்க."

அவள் சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கடல்ல கீதோ தெரியாது" என்றாள். "முன்னாலதான் கீது."

நான் ஆமாம் என்றேன்.